இல்லத்துச் செடியும் கறுப்புவெள்ளை நிழற்படமும்

நிழற்படக்கலை பிறந்த நாள்தொட்டுச் செடிகொடிகள் அதன் விருப்புக்குரிய பொருள்களாய் இருந்து வந்துள்ளன. அழகுணர்ச்சி ஒன்றே இதற்குக் காரணமன்று. ஆதிநாளிற் படம் பதித்த தாளும் தகடும் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றன. பல நிமிடங்கள் அசையாது நிற்கத்தக்க பொருளே அவற்றுக்கு வாய்ப்பானது. மனிதன் இருமுவான், குழந்தை திரும்பிப் பார்க்கும், சன்னலோரத்து இலையோ வைத்தது வைத்தபடி இருக்கும். இங்கிலாந்திலே வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரால்பொற் என்பார் 1830களில் இலைகளையும் பூக்களையும் ஒளியுணர் தாளின்மீது நேரே வைத்து வெயிலிற் காட்டி அவற்றின் உருவைப் பதித்தார். அன்னா அற்கின்ஸ் என்னும் அம்மையார் கடற்பாசிகளை நீல அச்சுத் தாளில் அவ்வாறே பதித்து, 1843ஆம் ஆண்டு தொடக்கம் பகுதி பகுதியாக வெளியிட்டார். நிழற்படங்களைக் கொண்டு அமைந்த முதல் நூல் அதுவே என்பர்.

எனினும் இவ்விருவருக்கும் கிட்டியது செடியின் புறவரையேயன்றி அதன் உடலன்று. தாளின்மேற் படிந்த இலை தன் விளிம்பை எழுதிச் செல்லும். தன் திரட்சியையும் வளைவையும் எழுதாது. செடி ஒன்றை உள்ளங்கை நெல்லிக்கனிபோல அண்மையில் வைத்து, அதன் மடிப்பும் நரம்பும் வழவழப்பும் புலப்படுமாறு வில்லையினூடாகப் படமெடுத்து, அதனை ஒரு தனிக் கலையாகவே நிலைநாட்டிய முயற்சி இருபதாம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டிலேதான் முழுமையடைந்தது. அம்முயற்சியிற் சிறந்ததொரு பகுதி பெரிய கலைக்கூடங்களில் நிகழவில்லை. கலிபோர்ணியாவிலுள்ள ஒரு வீட்டிலும் அதன் தோட்டத்திலும், மூன்று சிறுவரைப் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு தாயின் கையால் நிகழ்ந்தது. அத்தாயின் பெயர் இமோஜன் கன்னிங்காம்.

கன்னிங்காம் அம்மையார் 1883ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாகாணத்துப் போட்லண்ட் நகரிற் பிறந்தவர். வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்ற பாடம் இரசாயனம். விரிவுரைகளிலே திரையிற் காட்டுதற்குரிய கண்ணாடிப் படங்களைத் தாவரவியற் பகுதியினருக்கு ஆக்கிக் கொடுத்து, கல்விச் செலவுக்கு வேண்டிய பொருளை ஈட்டினார். பிற்காலத்தில் அவர் மலரை நோக்கிய முறைக்கு இவ்வேலையே வித்தாயிற்று எனல் பொருந்தும். கேசரமும் சூலகமும் இன்ன இடத்தில் இன்னவாறு அமைந்துள்ளன என்பதை அவர் பார்த்துப் பழகிய கண்ணோடேயே கலைக்குள் வந்தார். 1907இற் பட்டம் பெற்றபின் சியாற்றில் நகரிலே எட்வேட் கேட்டிஸ் என்பாரின் படப்பிடிப்பு நிலையத்திற் பணியாற்றிப் பிளாற்றினத் தாளில் அச்சிடும் முறையைக் கைவரப் பெற்றார். 1909இல் உதவிச் சம்பளம் பெற்று ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து நிழற்பட இரசாயனம் கற்று, பிளாற்றினத் தாளிற் கபில நிறம் பெறும் முறைபற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். மீண்டு வந்து 1910இற் சியாற்றிலிற் சொந்தமாக ஒரு நிலையம் தொடங்கினார். நிழற்படத் தொழில் பெண்களுக்கும் உரியதே என வாதாடும் கட்டுரையொன்றை 1913இல் வெளியிட்டார்.

இத்துணைப் பயிற்சியும் பெயரும் பெற்றிருந்த ஒருவர் 1915இற் செப்புத்தகட்டு ஓவியரான றோய் பாட்றிட்ஜ் என்பாரை மணந்தார். அவ்வாண்டிலேயே ஓர் ஆண்மகவும், 1917இல் இரட்டை ஆண்மக்களும் பிறந்தனர். அதே ஆண்டிற் சியாற்றில் நிலையத்தை விட்டுக் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்தது. 1920இற் கணவருக்கு ஓக்லண்ட் நகர மில்ஸ் கல்லூரியில் ஆசிரியப்பதவி கிடைக்கவே அங்கே குடியேறினர். தொழில் நின்றது, வாடிக்கையாளர் இல்லை, மூன்று பையன்களைக் கண்காணித்தபடி வீட்டைவிட்டு வெளியே செல்லவும் இயலவில்லை. வீட்டைச் சூழ்ந்த நிலத்திற் செடிகளை நட்டு வளர்த்து, குழந்தைகள் உறங்கும் வேளையிலும் விளையாடும் வேளையிலும் அவற்றைப் படமெடுக்கலானார். மக்னோலியா, கல்லா லில்லி, கற்றாழை, ஆனைக்கற்றாழை என்பனவே இப்பொழுது அவருக்கு வாய்த்த வாடிக்கையாளர்.

இக்கதையை எடுத்துரைப்போர் சிலர், வீட்டுச்சிறையே அவருக்கு வரமாயிற்று என்று இனிமையாகக் கூறிவிடுவர். அது பொறுப்பற்ற கூற்று. சிறை சிறைதான். அதனுள்ளே கிடைத்த ஒரு சன்னலளவு வெளிச்சத்தைக் கற்றறிந்த ஒருவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே இங்கு நோக்கற்பாலது. அவர் செய்த வேலையின் அருமையை உணர, அண்மைப்படம் எடுப்போன் எதிர்கொள்ளும் இடர்களைச் சிறிது விரித்து நோக்குதல் வேண்டும்.

தொலைவிலுள்ள மலையைப் படமெடுக்கும்போது வில்லைக்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள தூரம் வில்லையின் குவியத்தூரத்துக்குச் சமமாக இருக்கும். பொருள் அண்மையில் வர வர வில்லையைத் தகட்டினின்றும் அகற்றிக்கொண்டே போகவேண்டும். பூவின் உருவம் தகட்டிலே பூவின் உண்மை அளவிலேயே விழவேண்டுமாயின், பூவும் தகடும் வில்லையிலிருந்து குவியத்தூரத்தின் இருமடங்கு தூரத்தில் நிற்றல் வேண்டும். 50 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய வில்லையாயின் இருபுறமும் 100 மில்லிமீற்றர். பௌதிக வகுப்பில் மெழுகுதிரியும் வில்லையும் திரையும் வைத்துப் பரிசோதனை செய்த எந்த மாணவனும் இதனை நன்கறிவான். ஆனால் அப்பரிசோதனையில் அவன் கவனியாது விட்ட ஒன்று உண்டு: திரை இருமடங்கு தூரம் சென்றதும் அதன்மீது விழும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே பூவை அதன் உண்மை அளவிற் படமெடுப்போன் வழக்கத்தினும் நான்கு மடங்கு நேரம் ஒளியேற்றல் வேண்டும்.

இஃது எளிய இடர். பெரிய இடர் குவியத்தின் ஆழம்பற்றியது. மலைக்காட்சியில் அருகிலுள்ள மரமும் அப்பாலுள்ள சிகரமும் ஒருங்கே தெளிவாகத் தோன்றும். அண்மைப்படத்திலோ தெளிவு ஒரு மெல்லிய ஏடளவே உண்டு. சாதாரணச் சிறு படச்சுருட் கமராவில், வில்லையின் துவாரத்தை எஃப்/8 என்னும் அளவில் வைத்து ஒரு பூவை உண்மை அளவிற் படமெடுத்தால், தெளிவாகத் தோன்றும் பகுதியின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே. மகரந்தப்பை தெளிந்தால் இதழ் மங்கும்; இதழைத் தெளிவித்தாற் சூல்முடி பஞ்சாய்ப் போகும்.

துவாரத்தைச் சுருக்குதலே இதற்குரிய மருந்து. எஃப்/64 என்பது குவியத்தூரத்தின் அறுபத்துநான்கில் ஒரு பங்கு விட்டமுடைய துவாரமாகும். 320 மில்லிமீற்றர் வில்லையில் அது 5 மில்லிமீற்றர். துவாரம் சுருங்கச் சுருங்கத் தெளிவின் ஆழம் பெருகும். ஒளியோ அதைவிட விரைவாகக் குறையும். எஃப்/8இல் ஒரு செக்கன் போதுமென்ற இடத்தில் எஃப்/64இல் 64 செக்கன் வேண்டும். மேற்கூறிய நான்கு மடங்கையும் சேர்த்தால் 256 செக்கன். நான்கு நிமிடத்துக்கும் மேல். அதுவும் போதாது. மங்கிய ஒளியை நெடுநேரம் ஏற்கும்போது படத்தகடு சோர்வடைந்து, கணக்குக்குக் குறைவாகவே கறுக்கும். விண்மீன்களைப் படமெடுத்து இச்சோர்வை அளந்தவர் ஜேர்மன் வானியலறிஞரான காள் ஷ்வாட்ஸ்ஷில்ட். பின்னாளிற் கருந்துளைபற்றிய கணிதத்தால் உலகப் புகழ் பெற்றவரும் அவரே. அச்சோர்வுக்கும் ஈடு கொடுத்தால், ஒரு பூவின் படத்துக்குப் பல நிமிடங்கள் செல்லும்.

அந்நிமிடங்களிற் பூ சும்மா இருக்குமோ? தொலைவிலிருந்து நோக்குவோனுக்கே அஃது அசைவற்ற பொருள். கொய்த மலர் வெதுவெதுப்பான அறையில் மெல்ல விரியும், அல்லது சோரும். தண்டு ஒளியை நாடித் திரும்பும். கதவு திறந்து மூடும் காற்றே அதனை ஆட்டிவிடும். உண்மை அளவிலான படத்தில் இதழ் ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் தகட்டிலும் உருவம் ஒரு மில்லிமீற்றர் அசையும். மூன்று பையன்கள் ஓடித்திரியும் வீட்டில் இத்தகைய வேலை நடந்தது என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, நிறம். மலரென்றால் நிறம், அதனை நீக்கிவிட்டு மலரைக் காட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சித்திரம் பார்ப்பது போலாகாதோ என்று ஐயுறுவோர் உளர். நியாயமான ஐயமே. கறுப்புவெள்ளைப் படம் நிறத்தை வெறுமனே விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு நிறத்தையும் ஒரு சாம்பற் படியாக மொழிபெயர்க்கிறது. அம்மொழிபெயர்ப்பு எப்பொழுதும் நேர்மையானதன்று. ஆதித் தகடுகளில் இருந்த வெள்ளியுப்புக்கள் நீலத்தையும் ஊதாவையும் மாத்திரமே நன்கு உணர்ந்தன. இலை கருகியும் செம்பூ கறுத்தும் பதிந்தன. 1873இல் ஹேமன் ஃபோகல் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர், தகட்டிலே சிறிது சாயத்தைச் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் எனக் கண்டார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 அளவில் விற்பனைக்கு வந்தன. அவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. செம்பருத்தியின் சிவப்பும் அதன் இலையின் பச்சையும் கண்ணுக்கு நேர்மாறானவை. படத்திலோ இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிப் பூ இலைக்குள் மறைந்துவிடும். வில்லையின் முன்னே சிவப்புக் கண்ணாடி வைத்தாற் பூ வெளுத்து இலை கறுக்கும். பச்சைக் கண்ணாடி வைத்தால் இலை வெளுத்துப் பூ கறுக்கும். இக்காலத்து எண்முறைக் கமராக்களிலும் கைத்தொலைபேசிகளிலும் நிறத்தோடு பதிந்த படத்தைப் பின்னர் விரும்பியவாறு சாம்பலாக்கலாமாதலின், இத்தெரிவு படமெடுத்தபின் செய்யும் தெரிவாகிவிட்டது. வசதிதான், ஆயினும் தெரிவு செய்யவேண்டிய பொறுப்பு ஒழியவில்லை.

கன்னிங்காம் அம்மையார் பெரிதும் நாடியது வெண்மலர்களை. நிறத்தால் வரும் குழப்பம் அவற்றில் இல்லை. உள்ளது ஒளியும் வடிவுமே. ஆனால் வெண்மலரே கைத்திறத்துக்கு உரைகல். அச்சுத் தாளிற் காட்டத்தக்க மிக உயர்ந்த வெண்மை அத்தாளின் வெண்மையே. ஒளி சற்று மிகுந்தால் இதழ் வெறுங் கடதாசியாகிவிடும். குறைந்தாற் புழுதி படிந்ததுபோலாகும். மல்லிகைக்கும் நந்தியாவட்டைக்கும் முன்னே கமராவைப் பிடித்துப் பார்த்தவர் எவரும் இதனை அறிவர். வெயில் நேரே விழாத ஒரு சன்னல், அதற்கு எதிர்ப்புறத்தில் நிழலைச் சிறிது தணிக்க ஒரு வெள்ளை அட்டை, பின்னே ஒரு கருந்துணி ஆகிய இவற்றைக்கொண்டு வீட்டிலேயே இப்பரீட்சையைச் செய்து பார்க்கலாம். ஒளி மலருக்கு முன்னிருந்து விழுந்தால் இதழ் தட்டையாகும். பக்கத்திலிருந்து இதழின்மேற் சாய்ந்து செல்லுமாயின் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு மெல்லிய நிழல் பிறக்கும். அந்நிழல்களே இதழுக்கு உடலைக் கொடுக்கின்றன.

1923 தொடக்கம் 1925 வரை அம்மையார் மக்னோலியா மலரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் விளைவான ‘மக்னோலியா மலர்’ என்னும் 1925ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. படத்தின் பரப்பு முழுவதையும் ஒரே மலர் நிறைத்திருக்கிறது. கொம்பில்லை, தோட்டமில்லை, வானமில்லை. விரிந்த இதழ்கள் விளிம்புவரை சென்று நிற்கின்றன. நடுவிலே கூம்பொன்று நிமிர்கிறது: கீழே திருகுமுறையில் நெருங்கிய கேசரங்கள், மேலே சுருண்டு வளைந்த சூல்முடிகள். பூக்குந் தாவரங்களுள் மக்னோலியாக் குடும்பம் மிகத் தொன்மையானது. புல்லி வேறு அல்லி வேறு எனத் தெளிவாகப் பிரியாத பழைய அமைப்பும், உறுப்புக்கள் வட்டமாகவன்றித் திருகாக அடுக்கப்பெற்ற ஒழுங்கும் அதற்குரியன. தாவரவியல் ஆசிரியன் கரும்பலகையில் வரைந்து விளக்க முயலும் இவ்வமைப்பு முழுவதும் அப்படத்தில் உண்டு. ஆயினும் அது பாடப்படம் போற் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. இன்னும் அண்மையிற் சென்று அக்கூம்பை மட்டும் எடுத்த படத்துக்கு ‘மணிக் கோபுரம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். 1915ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் அப்பெயருடைய கோபுரமொன்று இருந்தது.

மக்னோலியா நெடுநாள் வாழும் மலரன்று. முதலிற் சூல்முடிகள் மகரந்தம் ஏற்கும் பருவமடையும். பின்பே கேசரங்கள் மகரந்தம் சிந்தும். விரைவில் இதழ்கள் பழுப்பேறும். கைபட்ட இடமும் பழுக்கும். தமிழிலே அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவந்தோறும் ஒரு சொல் உண்டு. இவற்றுள் எந்தச் சொல்லுக்குரிய கணத்தைப் படமாக்குவது என்று தெரிதல் அண்மைப்படக் கலைஞனின் முதற்கடன். அம்மையாருக்கு இது கைவந்தமைக்கு, அப்பூ அவர்தம் கண்முன்னே நாளும் மாறிக்கொண்டிருந்தமையும் ஒரு காரணமாதல் வேண்டும். ஒருநாட் பயணமாக வந்துபோகும் படப்பிடிப்பாளனுக்கு எதிர்ப்பட்ட பருவமே கிடைக்கும். வீட்டில் இருப்பவர் காத்திருக்கலாம்.

அதே காலத்திற் செடிகளை அண்மையிற் படமெடுத்தோர் பிறரும் உளர். பேர்லின் நகரிற் காள் புளொஸ்ஃபெல்ட் என்னும் ஆசிரியர், அலங்காரச் சித்திரம் கற்கும் மாணவருக்குப் பாடத் துணையாகச் செடிகளின் துளிரையும் தண்டையும் பல ஆண்டுகளாகப் பன்மடங்கு பெருப்பித்துப் படமெடுத்து வந்தார். 1928இல் அவை ‘கலையின் மூல வடிவங்கள்’ எனப் பொருள்படும் பெயரோடு நூலாக வந்தபோது ஐரோப்பா வியந்தது. சுருண்ட பன்னக்கொழுந்து ஆயர் கைக்கோலாகவும், பூந்தண்டு இரும்புக் கம்பி வேலைப்பாடாகவும் அதிற் காட்சியளிக்கின்றன. வார்ப்பு வேலை பயின்றவராதலின் அவர் கண்ணுக்குச் செடி ஒரு வார்ப்பாகவே தோன்றியது. வேண்டாத இலைகளைக் கத்தரித்து விடவும் அவர் தயங்கவில்லை. எட்வேட் வெஸ்ரன் என்னும் கலிபோர்ணியக் கலைஞர் 1930 ஓகஸ்ற் மாதத்தில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றின் வாயினுள் வைத்து எடுத்த படம் ‘மிளகாய் இல. 30’ எனப் பெயர் பெற்றது. புனலின் வளைந்த சுவர் ஒளியைச் சுற்றிலுமிருந்து திருப்பி அனுப்ப, மிளகாய் முறுக்கேறிய மனித உடல் போலத் தோன்றுகிறது. படமெடுத்து முடிந்த மிளகாய்களை அவர் உண்டுவிடுவது வழக்கமாம். அடுக்களைக் கலைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

மூவரையும் ஒருங்கு வைத்து நோக்கின் வேறுபாடு விளங்கும். புளொஸ்ஃபெல்ட்டின் படம் செடியை அணிகலனாக்குகிறது. வெஸ்ரனின் படம் மிளகாயை மறக்கச் செய்து வேறொன்றை நினைப்பிக்கிறது. கன்னிங்காம் அம்மையாரின் மக்னோலியா மக்னோலியாவாகவே இருக்கிறது. எத்துணை நேரம் நோக்கினும் வேறொன்றாக மாற மறுக்கிறது. இம்மூன்றினுள்ளும் கடைசியே கடினமானது.

வெஸ்ரன் இவர் படைப்பின் தரத்தை உணர்ந்தவர். 1929இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் நடைபெற்ற ‘திரைப்படமும் நிழற்படமும்’ என்னும் பெருங் கண்காட்சிக்கு அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து படங்களைத் தெரிந்தனுப்பும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அம்மையாரின் படங்கள் பத்து அங்கே வைக்கப்பட்டன. 1932இல் அன்சல் அடம்ஸ், வெஸ்ரன், கன்னிங்காம் முதலியோர் சேர்ந்து ஒரு குழு அமைத்து, மேலே விளக்கிய துவார அளவையே அதற்குப் பெயராக்கி, ‘எஃப்/64 குழு’ என்று வழங்கினர். மங்கல் வில்லையும் தூரிகைத் திருத்தமும் கொண்டு ஓவியம்போலப் படம் ஆக்கும் அக்கால வழக்கை மறுத்து, வில்லை காட்டும் தெளிவே நிழற்படத்தின் தனி அறம் என்றனர்.

அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு ஒன்றை இங்குக் கூறாது விடல் முறையன்று. உலகம் பட்டினியாலும் போராலும் சிதறிக்கொண்டிருக்கையிற் கல்லையும் இலையையும் படமெடுத்திருப்பது தகுமோ என்பது அது. 1930களுக்கு அக்கேள்வி பொருந்தும், எக்காலத்துக்கும் பொருந்தும். ஆனால் மக்னோலியாப் படம் உலகத்துக்குப் புறமுதுகிட்டு ஓடி எடுத்த படமன்று; உலகத்துக்குச் செல்லும் வாயில் அடைபட்டிருந்தபோது எடுத்த படம். வாயில் திறந்ததும் அம்மையார் வெளியே சென்றார். 1934இல் நியூ யோர்க் நகரச் சஞ்சிகையொன்று அவரைப் பணிக்கு அழைத்தது. தாமும் உடன்வரக்கூடிய காலம்வரை பொறுக்குமாறு கணவர் கேட்டார். அம்மையார் பொறுக்கவில்லை, புறப்பட்டார். மணவாழ்வு அவ்வாண்டில் முறிந்தது. அதன்பின் நெடுங்காலம் அவர் படமெடுத்தவற்றுட் பெரும்பாலானவை மனித முகங்களே.

1970இல், அவருக்கு எண்பத்தேழு வயதாகும்போது, தம் பழைய எதிர்ப்படங்களை மீண்டும் அச்சிட்டு வைப்பதற்கென குகன்ஹைம் நிறுவனம் அவருக்கு உதவிச் சம்பளம் வழங்கியது. இளமையிலே பிளாற்றினத் தாளின் இரசாயனத்தை ஆராய்ந்த அவர் மீண்டும் இருட்டறைக்குட் புகுந்து, அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அவ்வெதிர்ப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அச்சிடத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சான் பிரான்சிஸ்கோவிற் காலமானார்.